மருதாத்தாளின் கை

செவலை விட்ட உதையில் கமலாத்தாள் சாணிக் கூடையின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். பித்தளைப் போசி உருண்டோடித் தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது. அவள் கறக்காத மாடில்லை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேர் உண்டு. அந்தப் பேரும் அன்றைக்குச் சாணியில்தான் கிடந்தது.

"இது மாடில்லப்பா குப்பண்ணா, மாட்டுத்தோலைப் போத்துன பிசாசு," என்றாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "பேசாம உன்ற மச்சுனன் அப்புசாமி சொல்றாப்பல சந்தைக்குத் தாட்டி உடு."

தம்பி குப்பண்ணன் போசியை எடுத்துக் கழுவினான். அவன் பட்டியில் நின்றாலும் செவலை அவனுடைய மாடு அல்ல. மருதாத்தாளின் மாடு. மருதாத்தாள் அவன் பெண்டாட்டி. அவள் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழி பிறந்தால் கணவாயில் கிழக்குக் காற்று இறங்கும். இறங்கினால் மாசி வரை ஓயாது. பனைமட்டைகள் பகலெல்லாம் சடசடக்கும், சோற்றில் மண் விழும், ஊரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கும். அந்த வருஷம் காற்றோடு காய்ச்சலும் வந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்தது என்றார்கள் பாலக்காட்டுக்காரர்கள். பாலக்காட்டிலிருந்து வந்தது என்றார்கள் கோயமுத்தூர்க்காரர்கள். எப்படியோ இடையில் கிடந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உள்ளங்கை செம்பருத்தியாய்ச் சிவக்கும், தொண்டை அடைக்கும், காளை மாதிரி இருந்தவன் பாயில் சுருண்டுவிடுவான். பொள்ளாச்சி பஸ்கள் நின்றன. செக்போஸ்டில் பனந்துண்டைக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பறிக்க ஆளில்லாமல் கடலைக்காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டது.

செத்தவர்கள் செத்தார்கள். அதிசயம் பிழைத்தவர்களிடம்தான் இருந்தது.

வேலந்தாவளத்துப் போலீஸ்காரர் ஒருவர் காய்ச்சலில் கிடந்த தன் அம்மாவை மடியில் வைத்துப் பார்த்தார். அம்மா போய்விட்டாள், அவர் பிழைத்தார். பிழைத்து எழுந்ததிலிருந்து அவர் கையில் எந்தத் தட்டையான சாமானைக் கொடுத்தாலும் முறம் புடைப்பதுபோல் புடைக்கிறார். நிஜ முறத்தையே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கல், ஒரு உமி தங்கவில்லை. அந்த மனிதர் அதுவரை முறத்தைத் தொட்டதே கிடையாது. கொழிஞ்சாம்பாறை ரைஸ்மில் முதலாளி பிழைத்து எழுந்து கண்ணாடி முன் உட்கார்ந்து, இல்லாத ஜடையை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினார். அது யாருடைய ஜடை என்று அவர் மனைவி கேட்கவில்லை. மனைவிக்கு அப்படியொரு ஜடை இல்லாதபடியால் கேட்க அவசியமும் இருக்கவில்லை. சித்தூர்ப் பக்கம் ஒருத்தி குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுத் தான் மட்டும் மீண்டாள். இப்போது தூக்கத்தில் தன் முந்தானையைத் தானே பிடித்து, இரண்டு விரலால் நெருடிக்கொண்டே கிடக்கிறாளாம். அது அந்தக் குழந்தையின் பழக்கம். அவள் தூங்குவதைப் பார்க்க வந்த ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்கள்.

ஜனங்கள் அதற்கு ஒட்டுக்காய்ச்சல் என்று பேர் வைத்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து பெரிய டாக்டர்கள் வந்து, பிழைத்தவர்களின் தலையிலும் கையிலும் கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். நரம்பில் ஏறும் கிருமி, பழைய உடம்பின் பழக்கம் ஒன்றையும் புது உடம்புக்கு எடுத்துக்கொண்டு வருகிறது என்றார்கள். நினைவு வராது, பேச்சு வராது, கைகால் பழக்கம் மட்டும் வரும். எப்படி வருகிறது என்று கேட்டதற்கு அவர்களும் வாசலில் நின்ற ஜனங்களைப் போலவேதான் விழித்தார்கள். ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. காற்றில் அது பரவாது, தண்ணீரில் பரவாது. தோலோடு தோல் கிடந்து, வேர்வையோடு வேர்வை கலந்தால்தான் ஒட்டும். யார் யாரைத் தொட்டார்கள், தொடவில்லை என்பதை அந்தக் காய்ச்சலிடம் மறைக்கவே முடியாது.

குப்பண்ணன் சொன்ன பேச்சு கேட்கிறவன். வரி கட்டச் சொன்னால் முந்தின நாளே போய் வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்பான். மருதாத்தாளுக்கு உள்ளங்கை சிவந்த அன்றைக்கு அவளாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு கிழக்குத் தோட்டத்துச் சாளைக் குடிசைக்குப் போய்விட்டாள். "வேலி தாண்டி வந்தீங்கன்னா பாருங்க," என்று அங்கிருந்தே கத்தினாள். ஹெல்த்காரரும் கிட்டப் போகாதே என்றார். அவன் போகவில்லை. தினமும் கஞ்சிப் போசியை வேலியோரக் கல்லில் வைத்துவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுப்பான். முதலில் அவளே வந்து எடுத்தாள். பிறகு அவன் தலை மறைந்த பின்னால் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, வெறும் போசி கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். பரவாயில்லை, சாப்பிடுகிறாள் என்று அவன் தெம்பாக இருந்தான். ஒரு நாள் போசி வைத்த இடத்திலேயே ஈ மொய்த்துக் கிடந்தது. ஹெல்த் ஆட்கள் வந்து தூக்கிப்போய் எரித்தார்கள். அவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். தலை வாரிப் பின்னி, நெற்றியில் பொட்டோடு போனாள். எழுந்திருக்க முடியாதவள் எப்படித் தலை வாரினாள் என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் அழுகையில் அது மறந்துபோனது.

அதற்குப் பிறகு அவன் செய்த காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்ப்பான். அவள் கழுவி வைத்த போசியைத் தொட்டிருக்கிறோமே, அவளுடையது ஏதாவது ஒட்டியிருக்காதா என்று நப்பாசை. வெங்காயம் உரித்துப் பார்த்தான். கோலப்பொடியை எடுத்து இழுத்துப் பார்த்தான், கோழி கிளறியது மாதிரி வந்தது. எல்லாம் குப்பண்ணன் கைதான்.

மருதாத்தாள் பால் கறப்பது தனி விதம். கட்டுத்தரைக்கு மேற்கே மண்சுவர். உலகமே மாட்டின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கறந்தால், அவள் மாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் போய் உட்காருவாள். காற்றுக் காலத்தில் அங்கேதான் பாலில் மண் விழாது. மாடு உதைத்தால் ஓட வழியில்லாத இடமும் அதுதான். கடலை மூட்டையோடு வரப்பில் விழுந்ததிலிருந்து வலது முழங்கால் மடங்காது, அதை நேரே நீட்டிக்கொள்வாள். நெற்றியை மாட்டின் வயிற்றில் முட்டுக் கொடுப்பாள். முதல் பீச்சு மண்ணுக்கு. அப்புறம் பால் இரைகிற சத்தத்தோடு சத்தமாக எதையோ முணுமுணுத்துக்கொண்டே கறப்பாள். பாட்டில்லை. புகார். புருஷனைப் பற்றிய புகார்தான் என்பதில் குப்பண்ணனுக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் அவன் கிட்டே வந்தால் நின்றுவிடும்.

"அங்க மாட்டுகிட்ட என்ன பழமை?" என்பான்.

"உங்களுக்கில்லீங்க. இது எங்களுக்குள்ள," என்பாள்.

கறந்து முடித்து இடுக்கிலிருந்து வெளியே வந்ததும், தூணோரம் நிற்கிற அவன் தோளிலிருக்கும் துண்டில் ஈரக்கையைத் துடைப்பாள். குப்பண்ணனுக்குத் துண்டு என்றால் உயிர், கொக்கு வெள்ளையில் இருக்கவேண்டும். "பால் கவுச்சி அடிக்குது, உனக்குக் கந்தைத் துணியே கெடைக்கிலியா?" என்று தினமும் கத்துவான். "இந்த ஊட்டுல சுத்தமா இருக்கறது உங்க துண்டு ஒண்ணுதானுங்க," என்று தினமும் அவளும் சொல்லிவிட்டுப் போவாள். இந்த ஒரு மாதமாகத் துண்டு வெளுத்தபடியே இருந்தது. சாயங்காலம் அதைக் கழற்றிக் கொடியில் போடும்போதெல்லாம் ஒரு தரம் மோந்து பார்த்தான்.

செவலையின் கன்று ஐப்பசியிலேயே செத்துவிட்டது. வைக்கோல் கன்று கட்டிவைத்துக் கறக்கலாம் என்று அப்போதே மருதாத்தாளின் தம்பி அப்புசாமி சொன்னான். "பெத்தவளை ஏமாத்தித்தான் ஒரு காப்பி குடிக்கோணுமாக்கும்?" என்று மறுத்துவிட்டாள். கன்று இல்லாமலே அவள் கைக்குச் செவலை பால் விட்டது. அவளும் போன பிறகு, பின்னங்காலைக் கயிற்றில் பிணைத்து, ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித்தான் எடுத்தார்கள். மீதியை அது அடக்கிக்கொண்டது. மடி கல்லாகிக் கட்டிவிட்டது. பொழுதுக்கும் முனகிக்கொண்டே நின்றது.

மருதாத்தாளின் கை உறவில் யாருக்காவது ஒட்டியிருக்கும் என்று குப்பண்ணன் விடாமல் நம்பினான். அக்காளை வரவழைத்தான். அப்புசாமியை உட்கார வைத்தான். பங்காளி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாருமே சாளைப் பக்கம் போனதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் ஆசைக்கு உட்கார்ந்து, ஆளுக்கொரு உதை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அப்புசாமி வைக்கோல் கன்றையும் கொண்டுவந்து பார்த்தான். செவலை அதை ஒரு முறை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஹெல்த்காரரான மலையாளி யாக்கோபு சைக்கிளில் மருந்து தெளிக்க வந்தபோது குப்பண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"சாரே, செத்தவங்க பழக்கம் ஆருகிட்டயாச்சும் போயிருக்கோணுமில்லீங்?"

"அப்படியில்லா குப்பண்ணா. ஆரெங்கிலும் தொட்டிருக்கணும். நீ தொட்டியோ?"

"இல்லீங்."

"வேற ஆரு?"

"ஆரும் போகுலீங். அவளே உடுல."

யாக்கோபு இளநீரைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். அந்த மாதங்களில் எத்தனையோ பிணத்தைத் தூக்கியவர், ஆனாலும் இதைச் சொல்லச் சங்கடப்பட்டார். "அப்படியெங்கில் அது அவங்களோட தீர்ந்து போச்சு. வேற ஆருக்கும் வரலயில்லே, அது நல்ல காரியம்தானே?"

நல்ல காரியம்தான். குப்பண்ணன் தலையை ஆட்டினான். அவர் சைக்கிள் மறைந்ததும் இளநீர் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவள் செத்ததைவிட, எங்கேயுமே இல்லாமல் போனாள் என்பது அவனை உலுக்கியது. ரைஸ்மில் முதலாளியின் கள்ளக் காதலிகூட எங்கோ ஒரு கண்ணாடி முன் ஜடை பின்னிக்கொண்டிருக்கிறாள். அவன் பெண்டாட்டி எங்கும் இல்லை.

அன்றைக்கே அப்புசாமியிடம் சொல்லிவிட்டான், விடிந்ததும் செவலையை ஓட்டிக்கொண்டு போ என்று. மடி கட்டின மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், வாங்கி மேற்கே எதற்கு ஓட்டிப்போவார்கள் என்பது மூவருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் கமலாத்தாள் கொள்ளுப் பருப்பைக் கடைந்து வைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

கட்டுத்தரையில் சாணி அள்ளுகிறவள் கருப்பாத்தாள். ஊருக்குத் தள்ளித் தெற்கு வளவில் குடியிருக்கும் செங்கோட்டையனின் பெண்டாட்டி. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'கருப்பி'. மருதாத்தாள் மட்டும் முழுப்பேரும் சொல்லிக் கூப்பிடுவாள். வளவிலும் காய்ச்சல் வந்து ஆட்கள் கொஞ்ச நாள் வேலைக்கு வரவில்லை. அங்கே யாருக்கு யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டரும் போய்க் கேட்கவில்லை. திரும்பி வந்ததிலிருந்து கருப்பாத்தாள் இரண்டு கையிலும் கந்தையைச் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்தாள். ஏன் என்று இந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. அவள் சாணி அள்ளலாம், சோளத்தட்டு போடலாம், தண்ணி காட்டலாம், ஈனுகிற நேரத்தில் கன்றைப் பிடித்து இழுத்தும் போடலாம். மடியை மட்டும் தொடக்கூடாது, பால் ஏனத்தைத் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டால் காலங்காலமாக அப்படித்தான் என்பார்கள். செவலையை யாரும் கேட்டதில்லை.

சந்தைக்குப் போகிற அன்று கிழக்கு வெளுக்கிற நேரம். குப்பண்ணன் பாயில் விழித்துக் கிடந்தான். காற்று மட்டும் கேட்டது. ஒரு மாதமாக அவன் காதை விட்டு நீங்காத செவலையின் முனகல் நின்றுபோயிருந்தது.

செத்துவிட்டது என்று நினைத்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

செவலை நின்றுகொண்டிருந்தது. பின்னங்காலில் கயிறு இல்லை. கண்ணைப் பாதி மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. பால் பீச்சுகிற சத்தம் கேட்டது. ஏனத்தில் விழுகிற சத்தம் இல்லை, மண்ணில் விழுகிற சத்தம். இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. குனிந்து பார்த்தான். சுவர்ப்பக்கத்து இடுக்கில், மாட்டின் வயிற்றுக்குக் கீழே, வலது கால் ஒன்று நேரே நீண்டிருந்தது.

அவன் தூணைப் பிடித்துக்கொண்டான். வெடித்த பாதம், மெட்டியில்லாத விரல். மருதாத்தாளின் கால் அல்ல. ஆனால் அந்த நீட்டம் அவளுடையது. மாட்டின் வயிற்றில் ஒரு நெற்றி முட்டுக் கொடுத்திருந்தது. பால் நுரைத்து, மண்ணில் ஓடி, சாணிக் குழிக்குள் வெள்ளையாய் இறங்கிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தான், ஏ கருப்பி என்று கத்துவதற்கு. பழகின வாய், திறந்துவிட்டது. அதற்குள் அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தது.

அதில் சொல் இல்லை. ஆனால் அதே ஏற்றம், அதே இறக்கம். கொஞ்சம் வேகமாகப் போகும், ஒரு பெரிய குற்றத்தைச் சொல்லி முடித்ததுபோல் நிற்கும், ஒரு பெருமூச்சு வரும், மறுபடி தொடங்கும். அந்தப் பெருமூச்சை அவனுக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கட்டுத்தரையில் கேட்டது. அவன் கிட்டே வந்தால் நின்றுபோகும் அந்தப் புகார், அவன் இவ்வளவு கிட்டே நிற்கும்போதும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல் நின்றான். அசைந்தால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

புழுதி மூக்கில் ஏறி அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது.

கருப்பாத்தாள் துள்ளி எழுந்தாள். ஓட வழியில்லாத இடம். சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"சாமி, அடிக்காதீங்க சாமி. ஏனத்தைத் தொடுலீங்க. ஒரு சொட்டுக்கூட ஊட்டுக்குக் கொண்டு போகுலீங்க. கண்ணு முன்னால பாருங்க, அத்தனையும் மண்ணுலதான் உட்டனுங்க."

"நான் அடிக்கில."

"சந்தைக்கு ஓட்டறாங்கன்னு வளவுல சொன்னாங்க. மடி பாரத்தோட நடக்குமுங்களா அந்தச் சீவன்? எறக்கி உட்டுட்டு ஓடியரலாம்னுதானுங்க வந்தேன். இந்தக் கை நிக்க மாட்டீங்குதுங்க சாமி. கந்தையச் சுத்தி வெச்சாலும் துடிக்குதுங்க. எங்கூட்டு வெள்ளாட்டுக்கிட்டக்கூட ஒரு காலு தானா நீட்டிக்குதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

குப்பண்ணன் தூணோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எப்படி ஒட்டுச்சு?" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டான். "நீ சாளைக்குப் போனியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயப்படாம சொல்லு."

"ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போனனுங்க. பண்ணாடிச்சி உள்ளயிருந்து தண்ணி தண்ணின்னு கூப்புட்டாங்க. குடத்தோட போனனுங்க. எங்களுக்குத் தண்ணி ஊத்தறது எப்பிடீங்க? நீங்க மேல நின்னு ஊத்துவீங்க, நாங்க கீழ கையேந்திக் குடிப்போம். எனக்குத் தெரிஞ்சது அதுதானுங்களே. நானும் எட்ட நின்னு, மேலயிருந்து ஊத்துனனுங்க. அவங்களால கையேந்த முடியிலீங்க. தண்ணியெல்லாம் மொகத்துல, மூக்குல போயிப் பொரையேறிடுச்சு. அய்யோ, கொன்னுபோட்டனேன்னு ஓடிப்போயித் தலையத் தூக்கி மடியில வெச்சனுங்க. அப்பறம் எறக்கி வெக்க மனசு வரலீங்க."

காற்று ஒரு மட்டையைப் பிடுங்கிக் களத்தில் போட்டது. செவலை காதை அசைத்துவிட்டு மறுபடி அசைபோட்டது.

"கல்லு மேல வெச்ச கஞ்சி?"

"நாந்தானுங்க ஊட்டுனேன். நீங்க அக்கட்டால போனதும் எடுப்பனுங்க. ஒரு மொடக்கு, ரெண்டு மொடக்கு எறங்கும். மீதிய என்னைக் குடிக்கச் சொல்லுவாங்க. எச்சல்னு பாக்காதே கருப்பாத்தா, வீணாப் போகுதும்பாங்க."

"தலை வாரி உட்டதும் நீதானா?"

"கேட்டாங்க. அலங்கோலமாப் போகப் படாதுன்னு."

குப்பண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். துண்டை எடுக்காமலே, "என்னையக் கேட்டாளா?" என்றான்.

கருப்பாத்தாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நீ வந்து போறது அவருக்குத் தெரியப்படாது கருப்பாத்தான்னு சத்தியம் வாங்குனாங்க சாமி. தெரிஞ்சா, அவளே போறா, நான் போனா என்னன்னு வேலியத் தாண்டி வந்துருவாருன்னாங்க. அந்த மனுசனுக்குத் துண்டுல ஒரு கறை பட்டாலே தாங்காது, இந்தச் சீக்கு எப்பிடித் தாங்குவாரும்பாங்க. அதனாலதானுங்க நான் சொல்லுல."

வந்துவிடுவார் என்று நம்பியிருக்கிறாள். குப்பண்ணன் கிழக்கே திரும்பி அந்த வேலியைப் பார்த்தான். இடுப்புயரம்கூட இல்லாத கிளுவை வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தான் கொடுத்த குரலெல்லாம் அவனுக்குக் கேட்டது. அவன் கொஞ்சமும் சத்தமில்லாமல் அழுதான், சுவரோரம் நின்றபடி அவளும் அழுதாள்.

பிறகு எழுந்து வீட்டுக்குள் போனான். அடுப்படியில் கவிழ்த்திருந்த பித்தளைப் போசியை எடுத்துக்கொண்டு திரும்பினான். கமலாத்தாள் வாசலில் நின்றாள். பேச்சை எதுவரை கேட்டாளோ, முகம் வெளுத்திருந்தது.

"போசிய எங்க கொண்டு போறே?"

"பால் கறக்க."

"அவகிட்டயா? குப்பண்ணா, உனக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா? அந்தப் பாலை இந்த ஊட்டுல ஆரு குடிக்கறது?"

"நான் குடிக்கறேன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"அக்கா, அந்தப் புள்ள தண்ணி தண்ணின்னு கெடந்தப்ப நீயும் போகுல, நானும் போகுல, ஊரும் போகுல. தொட்டது இவ ஒருத்திதான். இப்ப மருதாத்தா கை இந்த லோகத்துலயே இவகிட்ட மட்டுந்தான் இருக்குது. அதை ஊட்டுக்குள்ள உடாதேன்னு சொல்றியா?"

கமலாத்தாள் கதவோரம் நகர்ந்து வழிவிட்டாள்.

போசியை அவன் கீழே வைக்கவில்லை. கீழே வைத்தால் அவள் எடுத்துக்கொள்வாள், அதுதான் வழக்கம். கையிலேயே நீட்டினான். கருப்பாத்தாள் போசியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கையை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கடைசியில் வாங்கிக்கொண்டாள். இடுக்கில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

முதல் பீச்சு மண்ணுக்கு. அடுத்தது பித்தளையில் விழுந்து கணீரென்றது. கல்லாய்க் கிடந்த மடி கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை அவன் கண்ணால் பார்த்தான். போசி நிறைய நிறையச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முணுமுணுப்பு தொடங்கியது. கமலாத்தாள் எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று அவனுக்குத் தெரியாது. "எம் பொறந்தவன் பொண்டாட்டியேதான்," என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாட்டுக் கயிற்றோடு வந்த அப்புசாமி களத்திலேயே நின்றுவிட்டான். தன் அக்காள் மருதாத்தாளின் பெருமூச்சை அவனும் கேட்டான். கயிறு கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது, அவன் அதை எடுக்கவில்லை.

கறந்து முடிந்தது. கருப்பாத்தாள் போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணில் இன்னும் கறவையின் மயக்கம் தெளியவில்லை. நேரே தூணோரம் வந்தாள். அவளுடைய வலது கை எழுந்து, குப்பண்ணன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பிடித்து, இப்படி ஒரு தரம் அப்படி ஒரு தரம் துடைத்தது.

துடைத்த பிறகுதான் தன் கை எங்கே இருக்கிறது என்று அவள் கண்டாள். நெருப்பைத் தொட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். போசி தளும்பியது. "சாமி! அய்யோ சாமி, தெரியாமப் பட்டிருச்சுங்க, கையி தானாங்க..."

துண்டு பால் ஈரத்தில் தோள்வரை நனைந்து ஜில்லென்றிருந்தது. காற்றில் பால் கவுச்சி வந்தது. குப்பண்ணன் அதை நெஞ்சு நிறைய இழுத்தான். பிறகு துண்டின் நனையாத பக்கத்தைத் திருப்பித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, அவளுக்கு எட்டுகிற மாதிரி கொஞ்சம் சாய்ந்து நின்றான்.

"அந்தக் கையும் ஈரமாத்தான் இருக்குது," என்றான். "தொடச்சுக்கோ, கருப்பாத்தா."